இருபத்தேழு மாசத்து ஆயில்

வெள்ளைக்கரடுங்கற ஊருல ஒரு அப்பனும் மகனும் இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பிக்கப் வண்டி இருந்துச்சு, பேச்சு மட்டும் இல்ல. அப்பன் பேரு நாச்சிமுத்து, மகன் பேரு பூபாலன், வண்டிக்கு யாரும் பேரு வைக்கல, ஏன்னா பேரு வைக்கணும்னா ரெண்டு பேரும் ஒக்காந்து பேசணும், பேசறதா இருந்தா இந்தக் கதையே இல்ல.

பாலிடெக்னிக்குல மூணாவது செமஸ்டரோட பூபாலன் நின்னுட்டான். நின்னவன் நின்னுட்டேன்னு வீட்டுல சொல்லியிருந்தா ரெண்டு நாள் சண்டையோட போயிருக்கும். அவன் சொல்லல. எட்டு மாசம், தினம் காலையில இஸ்திரி போட்ட யூனிபார்ம மாட்டிக்கிட்டு, அம்மா பழனாத்தா கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸோட ஏழே முக்கால் பஸ் ஏறிப் போயி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல வண்டிங்க லோடு ஏத்தி எறக்கறத வேடிக்கை பாத்துட்டு, சாயங்காலம் படிச்சுப் படிச்சுக் களைச்சுப் போன மூஞ்சியோட வந்து எறங்குவான். அந்த மூஞ்சிக்கே ஒரு டிப்ளமா குடுத்திருக்கலாம்.

ஒம்பதாவது மாசம் நாச்சிமுத்து வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, மகன் எப்படிப் படிக்கறான்னு கேக்கலாம்னு பாலிடெக்னிக்குக்கே நேருல போனாரு. போனவரு திரும்பி வந்து திட்டல. அடிக்கல. கையக் கால அலம்பிட்டு ஒக்காந்து சோறு தின்னாரு. தின்னு முடிச்சு மூடுன வாயி, மகன் பக்கம் திறக்கவே இல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, இருபத்தேழு மாசம்.

அப்பன் மகன்கிட்ட பேசறதில்லைங்கறது ஊருல புதுசு ஒண்ணும் கெடையாது, அதுக்குன்னு ஒரு முறை இருக்குது. நடுவுல ஒரு ஆளு வேணும். வீட்டுக்குள்ள பழனாத்தா அந்த ஆளு. "அவன் குளிச்சானான்னு கேளு"ம்பாரு இவரு, "குளிச்சாச்சுன்னு சொல்லு"ம்பான் அவன், ரெண்டு பேரும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை எட்டற தூரத்துல நின்னுக்கிட்டு. பழனாத்தா இல்லாத நேரத்துக்கு மாடு இருந்துச்சு. "ஏ செவலை, யாரோ மோட்டார நிறுத்தாம வந்துட்டாங்களாட்ட இருக்குது"ன்னு மாட்டப் பாத்துச் சொல்லுவாரு. மாடு அசை போடும், பூபாலன் போயி மோட்டார நிறுத்துவான்.

ஆனா வண்டியில பழனாத்தாளும் கெடையாது, மாடும் கெடையாது. நாச்சிமுத்துக்கு அதே மாசம் மொழங்கால் தேஞ்சு கிளச்ச மிதிக்க முடியாமப் போனதிலேர்ந்து பூபாலன்தான் ஓட்டறான். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முருங்கைக்காய் லோடு ஏத்திக்கிட்டு, இருபத்திரெண்டு கிலோமீட்டரு, அப்பன் முன் சீட்டுல நேராப் பாத்துக்கிட்டு, மகன் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு. நடுவுல கியர் ராடு மட்டும் ஆடும். வாயில பேச்சு வந்தா நடுவுல வாங்கிக் குடுக்க ஆளில்ல. வந்தத அப்படியே முழுங்கிக்க வேண்டியதுதான்.

இப்படி இருக்கறப்ப ஒரு நாள் சோத்துக்கு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு, "வண்டிய விக்கப் போறேன்னு சொல்லு"ன்னாரு நாச்சிமுத்து. பழனாத்தா திரும்பி, "வண்டிய விக்கறாராம்"ன்னா. பூபாலனுக்குக் கையில புடிச்ச சோறு கையிலயே நின்னுருச்சு. அவன் வாழ்க்கையில உருப்படியாப் புடிச்சுக்கிட்ட ஒரே சாமான் அந்த ஸ்டியரிங்தான். ஏன்னு கேக்கணும். கேக்கல. "சரின்னு சொல்லு"ன்னான். வண்டியும் போயிட்டா நான் எதுக்கு இங்க, திருப்பூருக்குப் போயிர வேண்டியதுதான்னு அன்னிக்கே துணியெல்லாம் பைக்குள்ள அடுக்க ஆரம்பிச்சான். அப்பனுக்கு நம்ம மேல ஒட்டுன கடைசித் துளி நம்பிக்கையும் காஞ்சு போச்சுன்னு முடிவு கட்டிட்டான்.

வாங்கறவரு தாராபுரத்துக்காரரு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வண்டி பாக்க வர்றேன்னு சொன்னவரு, அன்னிக்குக் காலையில போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. ஆயில் எப்ப மாத்துனீங்க?

பழனாத்தா போனைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டா. நாச்சிமுத்து, "ஓட்டறவன் மாத்தியிருப்பான், அவனக் கேளு"ன்னாரு. பூபாலன், "வண்டிக்காரரு மாத்தியிருப்பாரு, அவரக் கேளு"ன்னான். அவ இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் திரும்பி நாலு வாட்டி கேட்டு, அஞ்சாவது வாட்டி நடுவுல நின்னு தலையில கை வெச்சுக்கிட்டா. மகன் மாத்தியிருப்பான்னு அப்பனும், அப்பன் மாத்தியிருப்பாருன்னு மகனும் நெனச்சு நெனச்சு, இருபத்தேழு மாசமா அந்த வண்டிக்கு ஆயிலே மாத்தல.

மெக்கானிக் காதர் பாய்க்கு போன் போட்டான் பூபாலன்.

"எத்தன மாசம்?"ன்னாரு பாய்.

சொன்னான்.

"தம்பி, அதுக்குள்ள இருக்கறது ஆயில் இல்ல, அல்வா. ஞாயித்துக்கெழம நான் மாமியா வீட்டுல இருக்கேன். நீயே மாத்திரு, வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சுக்க, கூடவே சொல்றேன்."

அப்படித்தான் அது ஆரம்பிச்சுச்சு. அஞ்சு லிட்டர் ஆயிலும் புது பில்டரும் வாங்கியாந்து, வண்டிய வாசல்ல சமமான எடத்துல நிறுத்தி, டயருக்குக் கல்லு வெச்சு, ஆயில் எளகறதுக்கு அஞ்சு நிமிசம் இன்ஜின ஓட விட்டு அணைச்சு, அம்மாவோட துணி தொவைக்கற பேசன இழுத்துக்கிட்டு பூபாலன் மல்லாக்க வண்டிக்கு அடியில போனான். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போட்டு அடியில இருக்கற போல்ட்டத் திருகினான். போல்ட்டு கையோட வந்துச்சு. ஆயில் கறுப்பா, சுடச்சுட, பேசன்ல விழுந்துச்சு.

விழுந்த ஆயிலு, "தம்பி, இந்தப் பாட்டக் கொஞ்சம் மாத்துப்பா, தலைய வலிக்குது"ன்னுச்சு.

கொரலு பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளோடது, லேசா சளி புடிச்ச மாதிரி. பூபாலன் அடியில இருந்தே, "வண்டியில பாட்டு ஓடலையே பெரிம்மா"ன்னான்.

வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீர உருவிக்கிட்டிருந்த தெய்வாத்தா நிமிந்து, "இப்ப எங்கடா சொன்னேன்? போன தையில ஆட்ட ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனமே, அன்னிக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். ஓசி வண்டியில ஏறிட்டு பாட்டு வேற சொல்லணுமான்னு முழுங்கிட்டேன்"ன்னா.

"இப்ப ஆயிலு சொல்லுது பெரிம்மா."

"சரி, சொல்லட்டும். மாத்திரு, இனிமே"ன்னுட்டு அவ மறுபடி உருவ ஆரம்பிச்சா.

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குதுன்னு டெய்லர் வேலாயுதம் வந்து நின்னு வெளக்கம் சொன்னாரு. இந்த வண்டிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில. முன் சீட்டுல ஒக்காந்து ஒருத்தன் ஒரு பேச்ச முழுங்கினா அது எங்க போகும்? கீழதான் போகும். கீழ என்ன இருக்குது? ஆயிலு. மாசா மாசம் மாத்தியிருந்தா அந்தந்த மாசத்துப் பேச்சு அந்தந்த மாசம் போயிருக்கும், மாத்தாம வெச்சிருந்தா சேரத்தான் செய்யும். காதர் பாயும் ஸ்பீக்கர்ல, "ஆமாமா, மல்ட்டி கிரேடு ஆயிலு பேசும். பழைய சிங்கிள் கிரேடுல இந்தத் தொந்தரவு கெடையாது"ன்னு ஒத்துக்கிட்டாரு. அதோட காரணத்தப் பத்தின பேச்சு முடிஞ்சுருச்சு. அப்புறம் ஊருக்கு ஒரே கவலைதான், அடுத்தது யாரோடது?

ஏன்னா வெள்ளைக்கரட்டுல அந்த முன் சீட்டுல ஏறாத ஆளில்ல. ஊருக்குள்ள பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி. அதனால ஆசுபத்திரிக்கு, பேங்குக்கு, சம்பந்தம் பேச, எழவுக்கு, எல்லாத்துக்கும் நாச்சிமுத்து எடத்தக் குடுத்துட்டுப் பின்னாடி மூட்டை மேல ஏறிக்குவாரு. ஏறுனவங்கெல்லாம் அந்த ரோட்ட நேராப் பாத்துக்கிட்டு ஏதாவது ஒண்ண முழுங்கியிருந்தாங்க. அரை மணி நேரத்துல வாசல்ல கூட்டம் நின்னுச்சு. சும்மா நிக்கல, கோயில்ல வரிசையில நிக்கற மாதிரி, செருப்பக் கழட்டிட்டு நின்னாங்க, எதுக்குக் கழட்டுனாங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது.

ஒரு ஒழுங்கும் உண்டாச்சு. யாரு கொரலு வருதோ அந்த ஆளு பேசன் பக்கத்துல வரணும், மத்தவங்க எல்லாம் முருங்கை மரத்தப் பாக்கணும். காதத் தொறந்து வெச்சுக்கிட்டு மரத்தப் பாக்கறதுல எங்க ஆளுங்கள அடிச்சுக்க முடியாது.

அடுத்ததும் தெய்வாத்தாளே வந்தா. "என்ன இருந்தாலும் மஞ்சுளா வெக்கற கொழம்பு என் கொழம்ப விட ஒரு படி மேலதான், வாயத் திறந்து சொல்லிட்டா தலைக்கு மேல ஏறிக்குவா"ன்னு ஆயிலு சொல்லிச்சு. மருமக மஞ்சுளா அப்பத்தான் டம்ளர்ல மோரு கொண்டாந்திருந்தா. எல்லாரும் மரத்தப் பாத்தாங்க. தெய்வாத்தா பேசனத் தட்டித் தட்டி, "இது என் கொரலே இல்ல"ன்னா. மஞ்சுளா மோர மாமியாக்கு மொதல்ல குடுத்தா, குடுத்துட்டு எடுப்புல கைய வெச்சுக்கிட்டு ராணியாட்ட நின்னா. "சரி சரி, அடுத்ததக் கேக்க விடு"ன்னு முணுமுணுத்துட்டு தெய்வாத்தா மோரக் குடிச்சா. மருமக வந்த நாலு வருசத்துல அவ இவ்வளவு நிம்மதியா ஒரு மோரு குடிச்சதில்லன்னு பின்னாடி அவளே சொன்னா.

அப்புறம் வந்துச்சு தனபாலு விசயம். தனபாலு சென்ட்ரிங் வேலைக்காரன், பழைய ஆயில் எங்க இருந்தாலும் கான்கிரீட்டுப் பலகைக்குத் தடவறதுக்குக் கேன எடுத்துக்கிட்டு வந்துருவான், அன்னிக்கும் கேனோடதான் வந்து நின்னான், பொண்டாட்டி கோமதியும் கூட. போன வருசம் அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா ஜோடிச்சு, மாலையப் போட்டு, இந்த முன் சீட்டுலதான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆயிலு அவன் கொரல்ல தெளிவாச் சொல்லிச்சு: "ஐயோ சாமி, ஒண்ணுக்கு முட்டுதே. இந்த ஜரிக வேட்டிய எப்படி அவுக்கறது, எப்படிக் கட்டறது. ஒருத்தங்கிட்டயும் சொல்ல முடியலையே."

மரத்தப் பாத்துக்கிட்டிருந்த ஊரு மொத்தமும் குலுங்குச்சு. கோமதி மட்டும் சிரிக்கல. அவ புருசனயே பாத்துக்கிட்டிருந்தா. "அதுக்கா அந்த மூஞ்சி?"ன்னா.

"எந்த மூஞ்சி?"

"தாலி கட்டறப்ப ஒரு மூஞ்சி வெச்சிருந்தியே, வீடியோவுல வருதே, அந்த மூஞ்சி. என்னயப் புடிக்காமத்தான் கட்டினேன்னு ஒரு வருசமா அத ஓட்டி ஓட்டிப் பாத்து அழுதுட்டிருக்கேன்."

"புடிக்காமயா? புள்ள, நான் மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். புடிக்காதவளுக்கு எவனாவது அடக்குவானா?"

கோமதி அவன் முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சா, வெச்ச கைய எடுக்காம அங்கயே விட்டுட்டா.

டெய்லர் வேலாயுதம் மட்டும் நேரம் ஆக ஆக மொகம் வாடிப் போனாரு. ஊருலயே அதிகமா அந்த வண்டியில ஏறுனவரு அவரு. அவரு பேச்சு ஒண்ணு கூட வரல. வாயிக்கு வந்ததெல்லாம் அப்பப்பவே பேசித் தீத்த மனுசன். "ஒண்ணு கூடவா முழுங்கல நான்?"ன்னு பேசனையே வெறிச்சுப் பாத்துட்டு, "எதயாச்சும் அடக்கியிருக்கணும்யா"ன்னாரு, பெருமைய எழந்தவராட்டம்.

மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ஊர்ப் பேச்செல்லாம் வடிஞ்சு, நாச்சிமுத்து கொரலு ஆரம்பிச்சுச்சு.

நாச்சிமுத்து அன்னிக்குக் காலையிலேர்ந்து மோட்டார் ரூம் பக்கத்துல பிளாஸ்டிக் சேரப் போட்டு, வண்டிக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருந்தாரு. தன் கொரலு கேட்டதும் முதுகு மட்டும் நிமிந்துச்சு.

"செகண்டு போடு"ன்னுச்சு ஆயிலு. "செகண்டு. ஏறுதுல்ல, செகண்டு போடுறா. கிளச்சு மேல கால வெச்சுக்கிட்டே போறான் பாரு. பள்ளம். பள்ளம்னு தெரியுதுல்ல. அட, தெரிஞ்சும் எறக்கறான். வளைவு வருது, ஹாரன் அடி. அடிச்சாத்தான் என்ன, காசா பணமா. மூணாவது போடு. முன்னாடி போறவன் குடிச்சிருக்கான், வெலகு. நல்லா வெலகுனான். இப்ப மூணாவது. லைட்ட எறக்கு, எதுத்தாப்புல வர்றவனுக்குக் கண்ணு கூசுது. மத்தியானம் சாப்பிட்டானோ இல்லையோ. பிரேக்க அமுக்கு, குத்தாத. குத்தாதன்னா. மாடு. மாடு. மாடுறா டேய். ம், பாத்துட்டான்."

அதுவே வந்துச்சு. இருபத்தேழு மாசம், தினம் இருபத்திரெண்டு கிலோமீட்டரு, போகவும் வரவும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் அந்த மனுசன் முழுங்குனது அத்தனையும் நூலு புடிச்ச மாதிரி ஒரே கறுப்பு ஒழுக்கா ஒழுகிச்சு. ஜனங்க கொஞ்ச நேரம் பயபக்தியோட கேட்டாங்க, அப்புறம் கொட்டாவி விட்டாங்க, அப்புறம் மொறை வெச்சு வீட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு வந்தாங்க. வந்தப்பவும் ஆயிலு அதே கள்ளிமேட்டு வளைவுல ஹாரன் அடிக்கச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. பில்டரக் கழட்டறதுக்குக் கையத் தூக்குன பூபாலன், படுத்த வாக்குலயே, செகண்டுன்னு கேட்டா எடது கைய அசைச்சான், பிரேக்குன்னு கேட்டா வலது கால அமுக்குனான், தனக்கே தெரியாம. ரெண்டு வருசமா பக்கத்துல செலையாட்ட ஒக்காந்திருந்த ஆளு உள்ளுக்குள்ள கூடவே ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. அவனுக்குச் சிரிப்பா வந்துச்சு.

மூணு மணிக்கு ஒழுக்கு நூலாகி, நூலு சொட்டாகி, சொட்டு நின்னுருச்சு. போல்ட்டு ஓட்டையில கருங்கூழா ஒண்ணு தொங்கிச்சு, விழாம.

"என்னாச்சு?"ன்னாரு காதர் பாய்.

"தொங்குது பாய். தாரு மாதிரி."

"அடிக் கசடு அதுதான். கனமான பேச்செல்லாம் அதுலதான் நிக்கும். தன்னால விழட்டும், கைய வெச்சுராத. அது வராம புதுச ஊத்துன, புதுசும் ரெண்டு நாள்ல கறுத்துரும்."

அது என்னன்னு பூபாலனுக்குத் தெரியும். வெள்ள வேட்டி கட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தாரே, அன்னிக்கு மூடுன வாயோட தினம் இந்தச் சீட்டுல ஒக்காந்து அவரு முழுங்குனது. அது என்னவா இருக்கும்னு இருபத்தேழு மாசமா ராத்திரியெல்லாம் அவனே அவரு கொரல்ல விதவிதமாச் சொல்லிப் பாத்திருக்கான். 'நீ எனக்குப் பொறக்கல'ன்னு ஒரு நாள். 'உன்ன நம்பினேன் பாரு'ன்னு ஒரு நாள். ரெண்டாவதுதான் ரொம்ப வலிச்சுது. இப்ப ஊரே மரத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, வாங்கறவரு வர்ற நேரமாகுது, அதக் கேட்டுட்டு வண்டியையும் குடுத்துட்டு எப்படிப் பஸ் ஏறறது? பூபாலன் போல்ட்ட எடுத்தான். கசடு இருந்தா இருந்துட்டுப் போகுது, வண்டி எவங்கிட்டயோ போகப் போகுது, அவன் கேட்டுக்கட்டும். ஓட்டைக்கு நேரா கையக் கொண்டு போனான்.

அந்த நேரம் பாத்து மொதச் சொட்டு விழுந்துச்சு. விழுந்தது அவன் கொரலு.

"வித்துராதப்பா. எனக்குப் படிப்புத்தான் வரல, இது வருது. இந்த ஒண்ணுதான் வருது. வித்துராத."

ஊரு மரத்தையே பாத்துச்சு. மோட்டார் ரூம் பக்கம் பிளாஸ்டிக் சேர் பின்னுக்கு நகர்ற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

நாச்சிமுத்து வந்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டி, தேஞ்ச மொழங்கால ஒரு கையில புடிச்சுக்கிட்டு, ஒக்காந்து, படுத்து, புழுதியில முதுகத் தேச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில பூந்தாரு. அப்பனும் மகனும் மல்லாக்கப் பக்கம் பக்கமா, மூஞ்சிக்கு மேல ஒரு சாண் தூரத்துல இன்ஜின். ஓட்டையில அடுத்த சொட்டு உருண்டுக்கிட்டிருந்துச்சு. அது தன்னோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு. கைய நீட்டுனாரு, போல்ட்டக் குடுங்கற மாதிரி.

ஒரு நிமிசம் முன்னாடி அடைக்கணும்னு இருந்தவன் பூபாலன்தான். ஆனா அவரு கண்ணு அந்தச் சொட்ட விட்டு அசையாததப் பாத்தான். இந்த மனுசனும் பயப்படறாருன்னு அவனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அப்ப அது கேக்க வேண்டிய பேச்சுதான். போல்ட்டக் குடுக்கல. அவரு புடுங்கப் பாத்தாரு, இவன் கைய மடக்கினான், அவரு வெரலப் பிரிச்சாரு, இவன் வேற வழி தெரியாம போல்ட்டத் தூக்கித் தன் வாயிலயே போட்டுக்கிட்டான்.

சொட்டு விழுந்துச்சு.

"அப்படி ஒரு பையனே எட்டு மாசமா வர்றதில்லையேன்னான் அந்த ஆபீசுக்காரன். தெரியுங்க சார், நான்தான் நிக்கச் சொன்னேன், டி.சி. வாங்க வந்தேன்னு சொல்லிட்டு வெளிய வந்து புளியமரத்தடியில நின்னேன். எட்டு மாசம் என் புள்ள வெயில்ல சுத்தியிருக்கான். எங்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டுச் சுத்தியிருக்கான். பெத்த புள்ள சொல்லப் பயப்படற மாதிரி ஒரு அப்பனா இருந்திருக்கேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்கிட்டப் பேசறது? இந்த வண்டியக் கூட எனக்குப் பயந்துக்கிட்டுத்தான் ஓட்டறான். வித்துட்டா தொல்லை விட்டுதுன்னு போயிருவான். போகட்டும், எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்."

அதோட ஓட்டை காலியாச்சு. பேசன்ல இருந்தது வெறும் ஆயிலு. 

ரெண்டு பேரும் மேலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. பூபாலன் கண்ணு ஓரத்துல தண்ணி எறங்கிக் காதுக்குள்ள போச்சு. தொடைக்கலாம்னா கையெல்லாம் ஆயிலு. நாச்சிமுத்து திரும்பி, இருபத்தேழு மாசத்துக்கு அப்புறம், நடுவுல மாடில்லாம, பழனாத்தா இல்லாம, மகன் மூஞ்சிய நேராப் பாத்துப் பேசுனாரு.

"டேய். போல்ட்டத் துப்புறா. முழுங்கித் தொலைச்சிறப் போற."

பூபாலன் துப்புனான். "நீ திட்டுவேன்னு பயந்துட்டேன்பா."

"திட்டியிருப்பேன். ரெண்டு அறையும் விட்டிருப்பேன். அதுக்கென்ன, அப்பன் திட்டி எவனாச்சும் செத்திருக்கானா?"

"பேசாம இருந்தியே, அதுக்குத் திட்டியிருக்கலாம்."

"நீயும்தான் பேசல."

"நீ பெரியவன், நீதான மொதல்ல பேசணும்?"

"தப்பு பண்ணுனவன் நீ. நீதான மொதல்ல பேசணும்?"

"அப்ப யாரும் பேசல."

"ஆமா. யாரும் பேசல"ன்னு சொல்லிட்டு நாச்சிமுத்து தோள்ல கெடந்த துண்ட எடுத்து, அவன் காதுக்குள்ள போன தண்ணியத் தொடச்சு விட்டாரு. துண்டுல இருந்த ஆயிலு மூஞ்சியெல்லாம் அப்பிக்கிச்சு. "திரும்பு, இந்தப் பக்கமும் கறுப்பாக்கி விட்டுர்றேன்"ன்னாரு.

வெளிய பழனாத்தா கொரலு கேட்டுச்சு. "ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். இனிமே எவனாச்சும் 'சொல்லு', 'கேளு'ன்னு என்னய நடுவுல இழுத்தீங்க, அந்த மாட்டுக்கிட்டயே சோறும் கேட்டுக்கங்க." சொல்லிட்டு முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, செத்த நேரம் சும்மா ஒக்காந்தா. ரெண்டு வருசமா பேச்சுத் தூக்கித் தூக்கி வலிச்ச கழுத்து, அன்னிக்குத்தான் எந்தப் பக்கமும் திரும்பாம நேரா இருந்துச்சு.

போல்ட்ட மாட்டி, புது பில்டர் போட்டு, புது ஆயில் ஊத்தி முடிக்கறப்ப மணி சரியா நாலு. தாராபுரத்துக்காரரு வந்தாரு. ஆயில் அளவு பாக்கற கம்பிய உருவி, வெரல்ல தொட்டுத் தேச்சு, மோந்து பாத்தாரு. தேன் மாதிரி இருந்துச்சு. "பலே. இன்னிக்குத்தான் மாத்துனீங்களாட்ட இருக்குது"ன்னாரு.

"ஆமாங்க"ன்னாரு நாச்சிமுத்து. "மாத்தியாச்சு. அதனால வண்டி விக்கறதில்லைங்க."

"ஏனுங்க, அப்புறம் எதுக்குங்க இந்த வெயில்ல என்னய வரச் சொன்னீங்க?"

"நீங்க போன்ல கேக்கலைன்னா நாங்க ஆயிலே மாத்தியிருக்க மாட்டோமுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு நாச்சிமுத்து. அந்த மனுசனுக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஊரே அவரப் பாத்துக் கும்பிடறதப் பாத்ததும் கோவிச்சுக்க முடியாமப் போச்சு. பழனாத்தா ஒரு கட்டு முருங்கைக்காயும் மஞ்சுளா ஒரு தூக்குப் போசி நெறையக் கொழம்பும் குடுத்து அனுப்பி வெச்சாங்க.

பழைய ஆயில தனபாலு கேன்ல எடுத்துக்கிட்டுப் போனான். தன் கொழம்பு விசயம் எவன் வீட்டுக் கான்கிரீட்டுலயும் ஒட்டிக்கக் கூடாதுன்னு தெய்வாத்தா சண்டை கட்டுனா, சொன்ன பேச்சு எங்கயும் ஒட்டாது, சொல்லாததுதான் ஒட்டும்னு காதர் பாய் ஸ்பீக்கர்ல தீர்ப்புச் சொன்னாரு. அது நெசந்தான் போல, அந்த ஆயில் தடவுன பலகைங்க தட்டாமலே தானாக் கழண்டு வந்துச்சுன்னு தனபாலு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தான். அடுத்த வாரம் ஊருல இருந்த நாலு டிராக்டருக்கும் ரெண்டு ஆட்டோவுக்கும் அவசர அவசரமா ஆயில் மாத்திப் பாத்தாங்க. ஆயிலுதான் வந்துச்சு. டெய்லர் வேலாயுதம் மட்டும் வாரத்துக்கு ஒரு நாள் பூபாலன் வண்டி முன் சீட்டுல வந்து ஒக்காந்து, ஏதாவது ஒண்ண முழுங்கிறணும்னு ரோட்ட மொறச்சுப் பாப்பாரு. ரெண்டு கிலோமீட்டரு கூடத் தாங்க மாட்டாரு.

ஆனா அதெல்லாம் பின்னாடி. அந்த ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு முருங்கைக்காய் லோடு ஏறுச்சு, வழக்கம் போல. அப்பன் முன் சீட்டுல ஏறுனாரு, மகன் சாவியத் திருப்புனான், வண்டி பூனை மாதிரி சத்தம் போட்டுச்சு. ஊரு எல்லை தாண்டல, நாச்சிமுத்து ஆரம்பிச்சாரு. கியரச் சொன்னாரு, கிளச்சச் சொன்னாரு, கண்ணாடிய ஏன் இப்படித் திருப்பி வெச்சிருக்கன்னாரு, அந்தத் தலைமுடிய வெட்டுனா என்னன்னாரு, திருப்பூருக்குப் போறதுக்குத் துணி அடுக்கி வெச்சிருந்தியாமே, அம்மா சொன்னா, பனியன் ஒண்ணு கூட வெக்காம எவனாச்சும் ஊருக்குப் போவானான்னாரு. கள்ளிமேட்டு வளைவுல ஆறு வாட்டி ஹாரன் அடிக்கச் சொன்னாரு. இருபத்தேழு மாசமா இந்தக் கொரலுக்கு ஏங்குனவன் பூபாலன். ஒம்பதாவது கிலோமீட்டருல அவனுக்குக் காது வலிச்சுது.

"அப்பா, ஒண்ணு நீ ஓட்டு, இல்ல என்னய ஓட்ட விடு."

"நீ ஓட்டு. நான் என்ன உன் கையையா புடிச்சேன்?"ன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு மேல பேசிக்கிட்டே வந்தாரு. பேச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டுச்சு. பதினஞ்சாவது கிலோமீட்டருல பாதி வாக்கியத்துல நின்னுச்சு. பூபாலன் திரும்பிப் பாத்தான். வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு, தலைய அவன் தோள் பக்கம் சாச்சு, நாச்சிமுத்து தூங்கிட்டாரு. அந்தச் சீட்டுல அவரு தூங்கி அவன் பாத்ததே இல்ல. மிச்சம் இருந்த ரோடு பூரா அவன் ஒரு பள்ளத்துல கூட எறக்கல.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு கேட்டுல, வண்டி நம்பர எழுதற ஆளு கதவத் தடதடன்னு தட்டி, "யாரு லோடு, யாரு லோடு, பேரச் சொல்லு"ன்னு கத்துனான்.

பூபாலன் வெரல ஒதட்டுல வெச்சான்.

"மெதுவாண்ணே. எங்கப்பா இப்பத்தான் பேசி முடிச்சாரு."